மூன்றிலிருந்து நான்குக்கு

யமுனா,

வெள்ளிக்கிழமை நீ போனில் இரண்டு விஷயம் சொன்னாய். வாசலில் நிற்கும் உன் காரை நல்ல ஆளாக யாராவது கேட்டால் கொடுத்துவிடச் சொன்னாய். அப்புறம், உன் தொழிற்சாலையில் புது வண்டிகளை ஓட்டிச் சோதிக்கிற பிரிவுக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும், அடுத்த புதன்கிழமைக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவாய் என்றும் சொன்னாய். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாய். ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்டேன். "என் கைய என்னாலயே நம்ப முடியலமா" என்றாய். நான் பேசாமல் இருந்ததை நீ கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நானும் கோவையாகச் சொல்ல மாட்டேன். எழுதினால்தான் எனக்கு வரிசையாக வரும், உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு உன் மேலதிகாரிக்கு என்ன வேண்டுமோ எழுது. இதை முதலில் ஒரு நோட்டில் எழுதி உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தெருவில் யார் கேட்டாலும் படிக்கக் கொடு என்று சொல்லிவிட்டார். தறியில் கோர்வை போடுகிறவர்கள் வீட்டிலெல்லாம் இப்போது கார் வந்துவிட்டதாம், அவர்களுக்கும் தெரியட்டுமாம். ஏன் அப்படிச் சொன்னார் என்பது போகப் போகப் புரியும்.

நடந்ததை நீ சொன்னபடியே முதலில் எழுதிக்கொள்கிறேன். போன வருஷம் ஐப்பசியில் வாலாஜாபாத்தில் உன் பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நீயும் அப்பாவும் மட்டும் கிளம்பினீர்கள். எனக்குக் காய்ச்சல். எப்போதும் முன்சீட்டில் நான் உட்காருவேன், அப்பா பின்னால் காலை நீட்டிக்கொண்டு வருவார். அன்றைக்கு அவர் முன்னால் உட்கார்ந்தார். தூறல் விட்டிருந்தது, சாலை ஈரம். முன்னால் நெல் மூட்டை லாரி, எதிரில் யாருமில்லை. நீ மூன்றாவது கியரில் வேகமெடுத்து லாரியைத் தாண்டினாய். தாண்டி இடப்பக்கம் வரும்போது நான்காவதுக்கு மாற்றினாய். கியர் நான்கில் விழாமல் இரண்டில் விழுந்தது. எஞ்சின் அலறியது. முன்சக்கரங்களை யாரோ பிடித்துக்கொண்டது போல வண்டி வெட்டி இழுத்து, சறுக்கி, ஓரத்துப் புளியமரத்தில் இடப்பக்கம் இடித்து நின்றது. உனக்கு நெற்றியில் ஒரு கீறல். அப்பாவுக்கு இடது தோளில் காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் வந்தவர்கள் எல்லோரிடமும் நீ ஒரே வாக்கியத்தைச் சொன்னாய்: "நான் நாலுக்குத்தான் போட்டேன். கை ரெண்டுல போட்டுச்சி." உன் அப்பாவைக் கேட்டால், மரம் வந்ததுதான் ஞாபகம், அதற்கு முன்னால் ஒன்றும் ஞாபகம் இல்லை என்றார்.

அன்றைக்கு நான் உன்னைப் பார்த்து, எப்போதும் அவசரம்தான் உனக்கு என்று சொன்னேன். வாயில் வந்துவிட்டது. உண்மையில் அவசரம் உன் குணமே இல்லை. சின்ன வயதில் சிக்கு விழுந்த பட்டு நூலை உன்னிடம்தான் கொடுப்போம். நான் இரண்டு இழுப்பு இழுத்து அறுத்துவிடுவேன். நீ மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, விரல் நுனியால் மட்டும் தொட்டுத் தொட்டு, நூல் தானாக வெளியே வரும்படி செய்வாய். எங்கே இறுக்கம் இருக்கிறதோ அங்கே நீ விடுவாய், இழுக்க மாட்டாய். அந்தக் கையைப் பார்த்து அவசரம் என்று சொன்னேன். நீ அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டாய். வண்டியைச் சரி செய்து கொண்டுவந்து வாசலில் விட்டபோது நீ அதன் பக்கமே போகவில்லை. சாவியைக் காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் பஸ்ஸில் போனாய். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு தடவையும் பஸ்தான். அப்பா குணமாகித் தறிக்குத் திரும்பும் வரை எதிர்வீட்டு தனம் வந்து கோர்வை போட்டுக் கொடுத்தாள். அவர் தோள் சரியாகிவிட்டது, யமுனா. மழை நாளில் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது. நீ கேட்டால் அதைக்கூடச் சொல்ல மாட்டார்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதை நீ விளையாட்டாக எடுத்துக்கொண்டாய். லைசென்ஸ் வாங்கியதைச் சொன்னபோது சிரித்தாய், சந்தோஷமாக இருந்தது. ஏன் கற்றுக்கொண்டேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வண்டி நின்றே கிடந்து பேட்டரி செத்துவிட்டது, யாராவது ஓட்ட வேண்டும் என்று தெருவில் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. எனக்கு அந்த வாக்கியம் புரியவில்லை என்பதுதான் மீதி. கை இரண்டில் போட்டது என்றால் என்ன அர்த்தம்? ஒரு கை எப்படித் தெரியாமல் போடும்? படித்தால் புரிந்துவிடும் என்று நினைக்கிற ஆள் நான். வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்தேன், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். ஆங்கிலம் புரியாத இடத்தில் அகராதியைப் பார்த்தேன். குழந்தைக்கான இருக்கையை எப்படிப் பொருத்துவது, பாட்டுப் பெட்டியில் நேரத்தை எப்படி மாற்றுவது எல்லாம் இப்போது எனக்குத் தெரியும். பரீட்சை வைத்தால் பாஸ் செய்வேன் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். "புக்கு படிச்சி நீச்சல் கத்துக்கினவங்க கதையா ஆவப்போவுது" என்றார். இருந்தாலும் பயிற்சிப் பள்ளிக்கு முதல் நாள் அவர்தான் கூட வந்தார்.

அந்தப் பள்ளியின் பழைய குட்டி வண்டியில் ஓட்டப் பழகினேன். அதை விட்டு உன் வண்டியில் உட்கார்ந்தபோது வேறு பிராணியின் மேல் ஏறியது போல இருந்தது. முதலில் நான் செய்தது நம் தெருக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. தறிக்குழியில் உட்கார்ந்தால் நம் கால் மிதிகட்டையை விட்டு எழும்பாது. மிதிக்காத நேரத்திலும் பாதம் அதன் மேலேயே இருக்கும், மிதித்து எடுப்பது அந்தப் பாதத்துக்கு மூச்சு விடுவது மாதிரி. கிளட்சும் என் இடது காலுக்கு மிதிகட்டையாகத்தான் தெரிந்தது. பாதத்தை அதன் மேல் வைத்தபடியே ஊரைச் சுற்றினேன். ஒரு நாள் மேட்டில் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, கருகிய வாடை. ஓரிக்கைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிற அன்வர் பாய் திறந்து பார்த்துவிட்டு, "கிளட்சு மேலயே குந்திக்கினு ஓட்னியாமா? பிளேட்டு தீஞ்சி கெடக்குது" என்றார். கால் வைத்திருந்தேனே தவிர மிதிக்கவில்லையே என்றேன். சிரித்தார். தறி வீட்டு வண்டி வந்தால் அவர் முதலில் பார்ப்பது கிளட்சைத்தானாம். லேசாக வைத்தாலும் அது பாதி மிதித்த மாதிரி, பிளேட் வழுக்கி வழுக்கித் தேயும். டர்போ வண்டியில் இழுவை அதிகம், அதனால் சீக்கிரம் தீயும் என்று சொன்னார். புத்தகத்திலும் அது இருந்தது, நான் அதைப் படித்தும் இருந்தேன். படித்ததைக் காலுக்குச் சொல்ல மறந்திருக்கிறேன். பிறகு ஒரு மாதம் இடது காலை ஓரத்துப் பலகையில் வைத்துப் பழகினேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "காலு, காலு" என்று ஞாபகப்படுத்திக்கொண்டே வருவார்.

ஆமாம், பக்கத்தில். நான் ஓட்டிய அன்றிலிருந்து அவர் முன்சீட்டில்தான் வருகிறார். பயமில்லையா என்று தனம் கேட்டதற்கு, "தறியில இருவத்தஞ்சு வருசமா இவ பக்கத்துலதான ஒக்காந்துக்கினு இருக்கேன், இதுல இன்னா புதுசு" என்றார். உனக்கு நினைவிருக்கும், நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இதற்காக வெட்கப்படுவாய். மற்ற வீடுகளில் ஆண் நடுவில் உட்கார்ந்து நெய்வான், மனைவி இடப்பக்கம் கோர்வை போடுவாள். நம் வீட்டில் உன் அப்பா கல்யாணமான புதிதில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் மடங்காமல் போனதிலிருந்து மிதிப்பது நான், கோர்வை போடுவது அவர். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, இன்னிக்கும் அண்ணிகிட்ட கூலி வேலையா" என்பார்கள். "சாப்பாடு போடறாங்க, வுட்டுட்டுப் போவ மனசு வரல" என்பார் அவர். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டு நூலும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் கோர்வை. நான் மிதித்ததும் இழைகள் பிரியும். அந்த நொடியில் அவருடைய வலது கை வந்து, நான் எறியும் நாடாக்கட்டை கொண்டுவரும் நூலில் தன் நூலை மாட்டி, தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நான் சொல்வதும் இல்லை, அவர் பார்ப்பதும் இல்லை. சீரியல் கதை சொல்லிக்கொண்டே போடுவார், தூங்கி வழிந்துகொண்டே போடுவார். நீ கல்லூரி விடுமுறையில் தறியில் உட்கார்ந்தபோதும் அவர்தான் உனக்குப் போட்டார். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று பொறுமை இழக்காதே.

டர்போ என்பதை உன் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். வண்டி வாங்கிய புதிதில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டே ஓட்டுவாய்: எஞ்சின் சுற்று நிமிஷத்துக்கு இரண்டாயிரம் வரை இது சாது, மீட்டர் முள் அதைத் தாண்டினால் முதுகில் கை வைத்துத் தள்ளும் பாரு. அப்போது தலையாட்டினேன், புரியவில்லை. நானே ஓட்டியபோதுதான் புரிந்தது. நான் கியர் மாற்றுகிற விதம் சாமி பல்லக்கைத் தோள் மாற்றுகிற மாதிரி. காலை எடுத்து, யோசித்து, கிளட்சை அழுத்தி, லிவரைக் கெட்டியாகப் பிடித்து, நகர்த்தி, சரியாக விழுந்ததா என்று குனிந்து பார்த்து, பிறகு மெதுவாகக் காலை விடுவேன். அதற்குள் முள் இறங்கிவிடும், தள்ளிக்கொண்டிருந்த கை போய்விடும். வண்டி சோர்ந்து நடக்கும். மறுபடியும் அது வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்படி ஒரு தடவை முசரவாக்கம் தாண்டி ஒரு டிராக்டரை முந்தப் போய், பாதியில் பலம் இல்லாமல் அதன் பக்கத்திலேயே கூட ஓடினேன். டிராக்டர்காரப் பையன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். அன்றைக்குத்தான், நீ வேகமாக மாற்றியது விளையாட்டுக்காக இல்லை என்று தெரிந்துகொண்டேன். முந்துகிற வண்டி எதிர்ப்பக்கத்தில் இருக்கிற நேரம் குறைய வேண்டும் என்றால் முள் இறங்கக் கூடாது. முள் இறங்காமல் இருக்க வேண்டும் என்றால் கையும் காலும் ஒன்றாக, சட்டென்று வேலை செய்ய வேண்டும்.

அதைப் பழக ஆரம்பித்தேன். வாசலில் எஞ்சினை ஓட்டாமல் உட்கார்ந்து, வலது கால் எழ, இடது கால் மிதிக்க, கை போக, இடது கால் எழ, வலது கால் இறங்க என்று திரும்பத் திரும்பச் செய்வேன். தனம் கண்ணாடியில் தட்டி, "இன்னா அண்ணி, ஏசிக்கு வந்து ஒக்காந்துக்கினு இருக்கீங்களா" என்று கேட்டாள். ஒரு விஷயம் அப்போது என் கையில் தட்டுப்பட்டது. நீ எனக்கு முன்பு சொன்னதுதான்: லிவரைப் பிடிக்காதே, தள்ளு, அதற்கே வழி தெரியும். உண்மைதான். கையைத் தளர்வாக வைத்து மூன்றிலிருந்து பின்னால் இழுத்தால் அது நேராக நான்கில் போய் விழுகிறது. உள்ளே ஒரு ஸ்பிரிங் அதை நடுவிலேயே நிறுத்துகிறது. உன் தப்பைச் செய்து பார்க்க வேண்டும் என்று நானும் முயற்சி செய்தேன். எத்தனை வேகமாக இழுத்தாலும் நான்குதான். இரண்டில் விழ வேண்டும் என்றால் வேண்டுமென்றே இடப்பக்கம் இழுக்க வேண்டியிருந்தது. சிக்கெடுக்கிற கை உன்னுடையது, நீ எதையும் இழுக்கிறவள் இல்லை. அப்படியானால் இடப்பக்கம் இழுத்தது எது? புத்தகத்தில் தேடினேன், இல்லை. அன்வர் பாயைக் கேட்டேன். கியர்பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை, விபத்துக்குப் பிறகு பிரித்துப் பார்த்தேனே என்றார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. தாமல் ஏரிக்குப் போகிற சாலை காலியாக இருந்தது, வெயில் ஏறவில்லை. அப்பா வேர்க்கடலை உரித்து ஒன்று அவர் வாயிலும் ஒன்று என் வாயிலும் போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கு என் கால் சரியாக அமைந்துவிட்டது. இரண்டிலிருந்து மூன்றுக்குச் சட்டென்று மாற்றினேன், முள் இறங்கவில்லை, அந்தத் தள்ளல் விடாமல் வந்தது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. மூன்றிலிருந்து நான்குக்கு அதே மாதிரி காலைச் சட்டென்று மிதித்தேன். என் கைக்கு மேல் ஏதோ பட்டது. லிவர் இடப்பக்கம் போனது. எஞ்சின் கத்தியது. வேகம் குறைவுதான், அதனால் வண்டி ஒரு குலுக்கலோடு தளர்ந்தது, பிரேக் போட்டு ஓரமாக நிறுத்தினேன். "இன்னா ஆச்சி" என்றார் அப்பா. அவர் மடியில் இருந்த கடலைத் தோல் என் மடியில் சிதறியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஏரிக்கரை வரை மெதுவாக, பழைய பல்லக்கு நடையில் ஓட்டினேன். அந்த நடையில் ஒன்றும் நடக்கவில்லை.

கரை ஓரம் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். ஏரி நிறைந்திருந்தது. கீழே ஒருவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார், அப்பா அவரைப் பார்த்தபடி என்ன மீன் அகப்படும், என்ன விலை போகும் என்று பேசிக்கொண்டிருந்தார். நான் கையை லிவர் மேல் வைத்தேன். பிறகு இடது காலால் கிளட்சைச் சட்டென்று மிதித்தேன், தறியில் மிதிப்பது போல. அவர் முகம் திரும்பவில்லை, பேச்சும் நிற்கவில்லை. வலது கை மட்டும் மடியிலிருந்து எழுந்து வந்து, என் விரல்களுக்கு மேல் தன் விரலை மாட்டி, தன் பக்கம் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மடிக்கே திரும்பிப் போயிற்று.

யமுனா, நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். வண்டி நின்றிருந்தது, எஞ்சின் ஓடவில்லை. அவர் மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்.

அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. "நான் எங்க தொட்டேன்? சும்மா சொல்லாத" என்றார். மறுபடி மிதிக்கச் சொல்லி, கையை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கை வரவில்லை. "பாத்தியா" என்று ஜெயித்தது போலச் சொன்னார். சரி என்று விட்டேன். வெளியே இறங்கி நடந்தோம், திரும்பி வந்து உட்கார்ந்தோம், தனம் மகனுக்குப் பெண் பார்க்கிற கதை ஆரம்பித்தார். கதையின் நடுவில் மிதித்தேன். கை வந்தது. இந்தத் தடவை நான் அதை விடவில்லை, லிவர் மேலேயே என் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். அவர் பேச்சை நிறுத்தி, குனிந்து தன் கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையோ அங்கே இருப்பது போலப் பார்த்தார். பிறகு, "நீ மெதுவா மிதிச்சப்ப வரல. வேகமா மிதிச்சாதான் தறின்னு நெனச்சிக்கிது போல" என்றார். அதற்கு அப்புறம்தான் அவருக்கு மற்றது எட்டியது. முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அந்தப் பொண்ணு ஒரு வருசமா பஸ்ஸுல போய்க்கினு இருக்குது" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்து வந்தார்.

இதை உடனே உனக்குச் சொல்லியிருக்கலாம். அவர்தான் நேரில் சொல்ல வேண்டும், பொங்கலுக்கு வரட்டும் என்றார். நீ வெள்ளிக்கிழமை போன் செய்த பிறகு, "நீயே எழுதிடு. நான் சொன்னா அதுக்கு எம்மேல பாவமாப் பூடும், விசயம் காதுல ஏறாது" என்றார். சரியாகத்தான் சொல்கிறார். இந்தக் கடிதத்தை அவரைப் பார்த்துப் பரிதாபப்படுவதற்காகப் படிக்காதே. அவர் தப்புச் செய்யவில்லை. இருபத்தைந்து வருஷமாக நம் சோற்றைச் சம்பாதித்த கை அது. அந்தக் கை ஒரு நொடிகூடப் பிந்தாததால்தான் நம் கோர்வையில் ஒரு இடத்திலும் பிசிறு இருக்காது. அது இருக்கக் கூடாத இடத்தில் வந்து நின்றது, அவ்வளவுதான். அவரும் தன்னைத் திட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டார். இப்போது தெருவில் கார் வைத்திருக்கிற வீடுகளுக்குப் போய், கோர்வை போடுகிற ஆளை முன்சீட்டில் ஏற்றாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு வீட்டில் சிரித்தார்கள். மூன்றாவது வீட்டில் அந்த அம்மா சிரிக்கவில்லை, தன் கையைப் பார்த்தாளாம்.

உன்னை முழுக்க விடுவித்துவிட்டேன் என்றும் எடுத்துக்கொள்ளாதே. நான் அப்படிச் சொல்கிற தாய் இல்லை. சாலை ஈரமாக இருந்தது, கிரகப்பிரவேசத்துக்கு நேரம் நிறைய இருந்தது, அந்த லாரியை அங்கே தாண்டித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. அதை நீ யோசிக்கலாம், யோசிக்கத்தான் வேண்டும். வண்டி சோதிக்கிற வேலைக்குப் போனால் அந்த யோசனை உனக்குத் தேவைப்படும். ஆனால் அதுவும் உன் கையும் வேறு வேறு. எப்போது மாற்றுவது என்பதை யோசிப்பது நீ. மாற்றுவது கை. நீ இந்த ஒரு வருஷமாகக் கையின் மேல் வழக்குப் போட்டிருக்கிறாய், அந்த வழக்கில் எந்த ஆதாரமும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். உன் கை நாலுக்குத்தான் போட்டது, நீ முதல் நாளிலிருந்து சொன்னபடியே.

இன்னொன்று. வேகமாக மாற்றக் கற்றுக்கொள்ளாமல் நான் பழைய மாதிரியே ஓட்டியிருந்தால் இது என் வாழ்நாளில் தெரிந்திருக்காது. பயத்தில் மெதுவாகவே ஓட்டியிருந்தால் அவர் கை வந்திருக்கவே வந்திருக்காது. நீயும் உன் வண்டியைத் திரும்பத் தொடாமல் வேலையையும் வேண்டாம் என்று எழுதியிருப்பாய். ஒரு பொய்யை உண்மை என்று நம்பிக்கொண்டு கவனமாக வாழ்ந்துவிட முடியும். நிறையப் பேர் அப்படி இருக்கிறார்கள், நிம்மதியாகக்கூட இருக்கிறார்கள். உனக்கு அது வேண்டாம் என்று ஆசைப்படுகிறேன். அந்த வேலைக்குப் போ என்று நான் சொல்லவில்லை. வேறு காரணத்துக்காக வேண்டாம் என்றால் சரி, அது உன் விருப்பம். கையின் மேல் பழி போட்டு மட்டும் எழுதாதே.

வரும் ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க ஓசூருக்கு வருகிறோம். காரில்தான். காலையில் கிளம்புகிறோம், நான் ஓட்டுகிறேன். வேலூர் தாண்டும் வரை எனக்குப் பழக்கம் உண்டு, அதற்கு மேல் சாலையைப் பார்த்துப் பழகிக்கொள்வேன். அப்பாவை நான் பின்சீட்டில் உட்காரச் சொன்னேன். முடியாது என்கிறார். உனக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்துத் தூக்குவாளியில் வாய் வரை ஊற்றி மடியில் வைத்துக்கொள்வாராம். இரண்டு கையும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும், ஒரு கையை எடுத்தால் வேட்டியில் கொட்டும், "அந்த பயத்துல கை எங்கயும் போவாது பாரு" என்கிறார். நேற்றுத் தண்ணீர் ஊற்றி ஒத்திகை பார்த்தோம். முசரவாக்கம் வரை போய் வந்தோம், நான் வேண்டுமென்றே சட்டுச் சட்டென்று மாற்றினேன். ஒரு தடவை வாளி லேசாகத் தளும்பியது. அவர் கை அதை விட்டு வரவில்லை.

மத்தியானம் உன்னோடு சாப்பிட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி வரை ஒரு சுற்றுப் போய் வரலாம். சாவியை உன்னிடம் தருவேன். அப்பா முன்சீட்டில் உட்காருவார், மடியில் குழம்பு தீர்ந்த தூக்குவாளி நிறையத் தண்ணீர் இருக்கும். நான் பின்சீட்டில் உட்கார்ந்து, வண்டியின் புத்தகத்தில் எனக்கு இன்னும் புரியாத ஒரு பக்கம் இருக்கிறது, அதைப் படித்துக்கொண்டு வருவேன். நீ மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றுகிற சத்தம் கேட்கும். நான் தலை நிமிர மாட்டேன்.

அம்மா